சிங்கிள் ஓட்டு வூடு

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற டவுன் பஸ்ஸுக்குக் கருவேலம்பாக்கத்தில் இரண்டு நிறுத்தம். ஒன்று பால் சொசைட்டி. இன்னொன்று ஏரிக்கரை. கல்பனா வீடு கட்டி முடித்ததிலிருந்து அந்த இரண்டாவது நிறுத்தத்தின் பெயர் மாறிப்போனது. "சிங்கிள் ஓட்டு வூடெல்லாம் எறங்கு, எறங்கு" என்றுதான் கண்டக்டர் கத்துவார்.

தார் தோய்ந்த அட்டையின்மேல் பொடிக்கல்லைப் பதித்த சிவப்புத் தகடுகள். சாய்வாகப் பலகை அடித்து, அதன்மேல் மீன் செதிலைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல ஆணியடித்த கூரை. சென்னைக் கடைக்காரர் ஷிங்கிள்ஸ் என்று சொன்னது ஊருக்குள் வந்து சிங்கிள் ஓடு ஆகிவிட்டது. "சிங்கிள் இன்னாத்துக்கு? டபுளாவே போட்டுக்கினு இருக்கலாமே" என்று பெட்டிக்கடை சொக்கம்மாள் கேட்டதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

கல்பனாவுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. தாமலில் அவள் பிறந்த வீடு ஆஸ்பெஸ்டாஸ் போட்டது. சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரை மரத்தடிக்குப் போய்ப் படுத்து வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் மோகன் அவளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு வளைவில், சிவப்புச் சாய்வுக் கூரை போட்ட ஒரு வீட்டைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. வீடு மனதிலேயே நின்றுவிட்டது. சொந்தமாகக் கட்டும் காலம் வந்தபோது அதைத்தான் கேட்டாள். மொட்டை மாடி இருந்தால் நெல் காயப்போடலாம், மொளகா காயப்போடலாம் என்று மாமியார் தாயாரம்மாள் மல்லுக்கு நின்றாள். மோகனுக்கும் மாடிதான் ஆசை. ஆனாலும், "அவளும் ஒரு தபா கேட்டுக்கட்டுமே" என்று விட்டுவிட்டான்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. பக்கத்துப் புளியமரத்தின் நிழல் விழுகிற வடக்குப்புறம், ரோட்டைப் பார்த்த புறம். முதலில் அழுத கண்ணில் மை ஒழுகினாற்போல மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள். கார்த்திகை மழை விட்டபோது கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, ஓரங்களில் பச்சையாகப் பாசி பூத்து, கூரையில் பாதி கரிச்சட்டியின் அடியாகிவிட்டது. மழை பெய்தால் முற்றத்தில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

"இன்னாமே, வூடு தீப்புடிச்சிகிச்சா?" என்று பஸ்ஸிலிருந்து முகம் தெரியாத ஒருத்தி கேட்டாள்.

தாயாரம்மாள் கேட்கவே இல்லை. பால் கறக்கும்போதும் கோலம் போடும்போதும் கூரையை ஒரு பார்வை, மருமகளை ஒரு பார்வை. பிறகு மகள் இளவரசி வீட்டுக்குப் பழையசீவரம் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். "எயவு வூடு கணக்கா கீது. பொங்கலுக்கு வரேன், அதுக்குள்ள இன்னாவாச்சும் பண்ணுங்க" என்றதோடு சரி.

மோகன் எதுவும் சொல்லவில்லை. சொன்னேனே கேட்டியா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்பனா பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றியிருப்பாள். அவன் பேசாமல் வயலுக்குப் போனான், பேசாமல் வந்து சாப்பிட்டான். ஒரு நாள் அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தபோது, டிராக்டர் கழுவுகிற கடையிலிருந்து பிரஷர் பம்பைக் கொண்டுவந்து கூரையில் பீய்ச்சிவிட்டான். அவள் திரும்பி வந்தபோது கூரையோரத் தகரக் கால்வாயிலிருந்து சிவப்பு மணல் வழிந்துகொண்டிருந்தது. பாசி போகவில்லை. கல்தான் உதிர்ந்து, முறத்தளவு இடம் வழுக்கையாகிவிட்டது. உள்ளே இருந்த தார் அட்டை பல்லைக் காட்டியது.

"ஐயோ, நிறுத்துங்க! தோலையே உரிக்கிறீங்க!"

மோகன் பம்பை நிறுத்தினான். ஏணியிலிருந்து இறங்கி வந்து, நனைந்த சட்டையைப் பிழிந்தான். "பேஜாரா கீது கல்பனா. வர்றவன் போறவன்லாம் கேட்டுக்கினு கீறான். மேஸ்திரி வேதகிரிகிட்ட பேசிட்டேன். பொங்கல் கயிச்சி இத்த பிரிச்சிட்டு தகரம் அடிச்சிடலாம்."

"தகரமா?"

"பாசி புடிக்காதுல்ல."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தகரத்துக்குக் கீழே சித்திரை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் மாட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டு வரப்பில் வந்தவள், தலைச்சுமையோடு அப்படியே நின்று கூரையைப் பார்த்தாள். ஊரெல்லாம் பார்க்கிற கறுப்பை இல்லை, கறுப்பு இல்லாத இடத்தை. உச்சியில் டிஷ் ஆன்டெனாவின் இரும்புக் கால் பதிந்திருந்த இடத்துக்கு நேர்கீழே, ஓரம் வரைக்கும் சேலைக்கரை அகலத்துக்கு ஒரு பட்டை, புதிதாகப் போட்டதைப்போலச் சிவப்பாக இருந்தது. தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுப் போட்டோ எடுத்தாள். சென்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள்.

கடைக்காரருக்கு அவளை ஞாபகம் இருந்தது. அது பாசிதான், தகட்டிலுள்ள சுண்ணாம்புத் தூளைத் தின்று வளர்கிறது, ஓடு கெட்டுப்போகவில்லை என்றார். ஆன்டெனாக் காலில் துத்தநாகம் பூசியிருக்கும், மழையில் அது கரைந்து வருகிற வழியில் பாசி பிடிக்காது என்றார். "பம்பு அடிக்காதீங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. மெதுவாத் தெளிச்சி, கால் மணி நேரம் ஊற விட்டு, தோட்டத்துக்கு ஊத்தற மாதிரி தண்ணி விடுங்க. வெயில் இல்லாத நாளாப் பாருங்க. அப்புறம் உச்சியில ஒரு துத்தநாகப் பட்டை அடிச்சிடுங்க."

இதையெல்லாம் அவள் சோறு போடும்போது மோகனிடம் சொன்னாள். அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ஒரே ஒரு நாள் குடுங்க. போவலன்னா நானே வேதகிரிக்கு போன் போடறேன்."

"நீ மேல ஏறப்போறியா?"

"ஆல்பர்ட்டு வந்துகீறானாம். கேக்கறேன்."

மோகன் கையைக் கழுவிவிட்டு வந்து, "நானும் கூட கீறேன்" என்றான்.

ஆல்பர்ட் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில் இருப்பவன். சென்னையில் அடுக்குமாடிகளுக்குக் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடிக்கிறவன். பொங்கலுக்கு வேலை ஓய்ந்து வந்திருந்தான். அவன் பெண்டாட்டி தேவகி, நடவுக்கும் களைக்கும் மோகன் வயலுக்கு வருகிறவள். விடிகாலைப் பனி புகையாக ஏரிமேல் நின்றிருந்த ஒரு மார்கழிக் காலையில் இருவரும் வந்தார்கள். வானம் மூடியிருந்தது. வெயில் வருகிற அறிகுறியே இல்லை.

ஆல்பர்ட் கூரையை அண்ணாந்து பார்த்தான். "செவுத்துக்கு அடிச்சிகீறேன், தொட்டிக்கு அடிச்சிகீறேன். இதுங்கிட்ட நமக்குப் பயக்கம் இல்லணா. ஓரமா கொஞ்சம் அடிச்சிப் பாப்போம். இன்னா சொல்ற?"

"பாப்போம்" என்றான் மோகன்.

முதலில் நாஷ்டா. இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும். நாலு பேரும் கிணற்றடியில் குந்திச் சாப்பிட்டார்கள். ஒரே மாதிரி டம்ளரில் டீ. தாயாரம்மாள் இருந்திருந்தால் டம்ளர் வேறாகியிருக்கும். அது நாலு பேருக்கும் தெரியும்.

பிறகு வேலை. ஆல்பர்ட் இடுப்பில் கயிற்றைக் கட்டி, உச்சியைத் தாண்டி அந்தப் பக்கத் தென்னையில் முடிச்சுப் போட்டான். கல்பனாவும் தேவகியும் செம்பருத்தி, கனகாம்பரத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி நனைத்து, நெல் மூடுகிற தார்ப்பாயால் போர்த்தினார்கள். வயலுக்கு மருந்தடிக்கிற முதுகு டேங்க் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதைக் கல்பனா முந்தின நாளே சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தாள். கூரைத் தண்ணீரெல்லாம் கால்வாய் வழியாக ஒரு பைப்பில் இறங்கி மாட்டுத்தொட்டியில் விழும். மோகன் அந்தப் பைப்பைக் கழற்றி, வேலிக்கு வெளியே போகிறாற்போல ஒரு முழங்கை பைப்பைச் சொருகினான்.

ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு அடித்துவிட்டு எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிளீச்சிங் நெடி மட்டும் கண்ணைக் கரித்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுத்தது. மோகன் ஓஸ் பைப்பில் மெல்லத் தண்ணீர் விட்டான். அழுக்கு வழிந்து இறங்க, கீழேயிருந்து சிவப்பு எழுந்து வந்தது.

"யக்கா!" என்று தேவகி கல்பனாவின் கையைப் பிடித்தாள். "புதுசு கணக்கா கீதுக்கா!"

கல்பனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் எவ்ளோ கீது, வேலைய பாரு" என்று அதட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

மதியச் சாப்பாடு மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட காரக்குழம்பு. மொச்சை தேவகி கொண்டுவந்தது. சாப்பிட்டுவிட்டு ஆல்பர்ட் மறுபடி ஏறி, மிச்சமிருந்த பெரும்பாகத்துக்கு மருந்தடிக்க ஆரம்பித்தான். உச்சிவரை அடித்து முடித்து அங்கேயே உட்கார்ந்தான். ஊறுகிற நேரத்தில் கல்பனா தொழுவத்துக்குத் தவிடு எடுத்துப் போனாள்.

தொட்டியில் கூரைத் தண்ணீர் கிடந்தது.

மோகன் சொருகிய முழங்கை நழுவி, பைப்பிலிருந்து மெல்லிய தாரையாகத் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் கலங்கலாக, பிளீச்சிங் நெடியோடு இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தலைச்சன் கிடாரி நின்றிருந்தது. அவள் கையால் கன்றிலிருந்து வளர்ந்தது, இப்போது சினையாக இருந்தது. காலையில் போட்ட தழை அப்படியே கிடந்தது. கிடாரி படுத்தது, எழுந்தது, வயிற்றைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி படுத்தது. வாயோரம் நுரை.

தவிட்டுக் கூடை கையிலிருந்து விழுந்தது. "இன்னாங்க! ஓடியாங்க!"

மோகன் ஓஸ் பைப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். தொட்டியைப் பார்த்தான், கிடாரியைப் பார்த்தான். 

"குடிச்சிகிச்சா?"

"தெர்லயே. நான் பாக்கலயே."

"அந்த டேங்க்ல போன போகத்துக்கு இன்னா அடிச்சோம்?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. களைக்கொல்லி அடித்தது. எத்தனை சோப்புப் போட்டிருந்தாலும் ஒரு துளி எங்காவது தங்கியிருக்காதா? சினை மாட்டுக்கு ஒரு துளி போதாதா?

மோகன் கால்நடை டாக்டருக்கு போன் செய்தான். டாக்டர் நிஷா பெருநகரில் ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், இதோ வருகிறேன் என்றாள்.

தொட்டியின் அடியில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கி, தண்ணீரை வேலிப்புறம் விட்டார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. மோகன் தொழுவத்துச் சாணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பைப்ப நான்தான் சொருவினேன். கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கணும்."

"டேங்க கயுவுனது நானு" என்றாள் கல்பனா. "கூரைய கேட்டதும் நானு. வேணாங்க. எல்லாம் போதும். பிரிச்சிப் போட்டுடுங்க. தகரமே அடிங்க. இது பொயச்சா போதும் எனக்கு."

"இப்ப அத்த பேசாத."

"இல்லீங்க, நான் கேட்டதுதான் தப்பு. ஊர்ல எவளும் கேக்காதத கேட்டேன்."

"கல்பனா." மோகன் அவள் பக்கம் திரும்பினான். "நீ கேட்டது தப்புன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா?"

"சொல்லல. அதான்."

கிடாரி ஒருமுறை முக்கிக்கொண்டு எழுந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்பனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்தாள். கண் சொருகுகிறதா, கால் பின்னுகிறதா?

தேவகி இதற்குள் மாட்டின் பின்பக்கம் போயிருந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"யக்கா. மூஞ்சிய வுடு. இங்க வந்து பாரு."

"இன்னாடி?"

"வாக்கா இங்க."

கல்பனா வந்து பார்த்தாள். வாலுக்குக் கீழே கண்ணாடி போலக் கோழை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், பனிக்குடத் தோலுக்குள், வெள்ளையாக ஒரு குளம்பின் நுனி.

"ஐயோ" என்றாள் கல்பனா. பிறகு, "ஐயோ! இன்னும் நாள் கீதேடி! மாசி பொறக்கணுமே!"

"மாட்டுக்கு இன்னா தெரியும் மாசி? அதுக்கு நாள் வந்துட்ச்சி. இது வெசம் இல்லக்கா. வலி."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் ஆளாளுக்கு ஓட ஆரம்பித்தார்கள். மோகன் வைக்கோலைக் கொண்டுவந்து பரப்பினான். தேவகி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கல்பனா கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணியும் இல்லடி, ஒண்ணியும் இல்ல" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கிடாரி படுத்து முக்கியது. இரண்டு குளம்பு வந்தது. குளம்பின்மேல் படிந்தாற்போல மூக்கு வந்தது. நெற்றி மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது.

"அது முக்கசொல்ல மட்டும் இஸு, சும்மா சும்மா இஸ்காத" என்று கல்பனா கத்தினாள். மோகனும் தேவகியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து, மாடு முக்குகிறபோது கீழ்வாக்கில் இழுத்தார்கள். தலை வெளியே வந்ததும் மிச்சமெல்லாம் ஒரு வழுக்கலில் வந்து வைக்கோலில் விழுந்தது. கல்பனா மூக்கிலிருந்த கோழையை விரலால் வழித்துவிட்டு, வைக்கோலால் தேய்த்தாள். கன்று தும்மியது. தலையை ஆட்டியது.

"பொட்டக் கன்னு" என்றாள் தேவகி.

டாக்டர் நிஷா ஸ்கூட்டரை நிறுத்தி, பையோடு வேகமாக உள்ளே வந்தபோது கிடாரி கன்றை நக்கிக்கொண்டிருந்தது. நிஷா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெசம் சாப்பிட்டுச்சின்னு சொன்னீங்க?"

நிஷா மாட்டின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள், வாயை முகர்ந்தாள். "ஒண்ணும் இல்ல. இந்த நாத்தத்துக்கு மாடு மூக்கத் தூக்கிக்கும், வாய வெக்காது. இதுக்கு ரெண்டு தடவ சினை ஊசி போட்டோம்ல? ரெண்டாவதுதான் நின்னுதுன்னு நீங்க நாள் எண்ணியிருக்கீங்க. மொதல்லயே நின்னுகீது. கன்னு நெறமாசக் கன்னுதான்." பிறகு சிரித்தாள். "இத்தன வருஷமா மாடு வளக்கிறீங்க கல்பனாக்கா, வலி எடுக்கிறது தெரியலயா?"

"தெரியலயே டாக்டரம்மா" என்றாள் கல்பனா. "ஒண்ணியும் தெரியல." அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகை எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. மோகன் பக்கத்தில் குந்தி, ரத்தமும் கோழையுமான கையோடு அவள் முதுகைத் தட்டினான். ரவிக்கையெல்லாம் பாழாயிற்று.

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது.

"ணா! கன்னு நல்லா கீதா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரை உச்சியில், இடுப்பில் கயிற்றோடு, இரண்டு பக்கமும் காலைப் போட்டுக் குதிரைமேல் உட்கார்ந்தாற்போல ஆல்பர்ட் உட்கார்ந்திருந்தான்.

"அடப்பாவி, எறங்கலயா நீ?" என்று தேவகி கத்தினாள்.

"ஏணி இந்தாண்ட கீது, மருந்து வயி பூரா ஊத்திகீது. கால வெச்சா நேரா தொட்டியிலதான் வந்து வுயுவேன். கத்திக்கினே கீறேன், எவன் காதுல வுயுந்துது? மேல இருந்து எல்லாத்தியும் பாத்துக்கினுதான் கீறேன். இப்பவாச்சும் யாராவது மோட்டார போடுங்களேன், குண்டி மரத்துப்போச்சி."

மோகன் சிரித்துக்கொண்டே ஓடி மோட்டாரைப் போட்டான். அதற்கு முன்பு முழங்கை பைப்பை வேலிப்புறம் திருப்பி, கம்பி போட்டு இறுக்கிக் கட்டினான். வெயில் இல்லாததால் மருந்து இன்னும் காயவில்லை. மோகன் ஓஸ் பைப்பின் நுனியை மேலே வீச, ஆல்பர்ட் அதைப் பிடித்து மேலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தான். கறுப்பும் பழுப்பும் பச்சையுமாக மூன்று மழைக்காலத்து அழுக்கு வழிந்து இறங்கியது. வரி வரியாகச் சிவப்பு வந்தது. வழுக்கை விழுந்த அந்த முறத்தளவு இடம் மட்டும் திட்டாகத் தெரிந்தது. அதற்குப் புதுத் தகடு வைத்துக்கொள்ளலாம்.

நிஷா ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்று வேடிக்கை பார்த்தாள். சாயங்கால டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி போனார்.

இருட்டுவதற்குள் சீம்பால் கறந்து, கன்றுக்குப் போக மிச்சத்தில் வெல்லம் தட்டிப் போட்டுக் காய்ச்சினாள் கல்பனா. தேவகி வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்தனுப்பினாள். ஆல்பர்ட் நின்றவாக்கிலேயே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "இந்தா, இதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கூட மேல குந்திகினு இருப்பேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்து உத்திரமேரூரிலிருந்து துத்தநாகப் பட்டை வாங்கிவந்தான் மோகன். காலை வெயில் இதமாக இருந்தது. கூரை நன்றாகக் காய்ந்திருந்தது. அவன் மேலே ஏறி, பட்டையை உச்சியில் விரித்துப் பார்த்து, கீழே எட்டிப் பார்த்தான்.

"கல்பனா! ஒரு கை புடி, வா."

"நானா? புடவையோடயா?"

"இஸ்து சொருவிக்கினு வா. யாரு பாக்கப்போறாங்க."

கட்டி இத்தனை நாளில் அவள் அந்தக் கூரைமேல் ஏறியதே இல்லை. ஏணியின் கடைசிப் படியில் மோகன் கை கொடுத்தான். பொடிக்கல் பாதத்தில் சொரசொரவென்று பட்டது. நான்கு காலில் தவழ்ந்து உச்சிக்குப் போய் உட்கார்ந்தாள். பட்டையின் ஒரு முனையை அவள் அழுத்திப் பிடிக்க, அவன் மறுமுனையிலிருந்து ஆணியடித்துக்கொண்டு வந்தான். ஏரி நிறைந்து மதகைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாரைகள் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் ஓரம் நின்றிருந்தன. காலனி, பால் சொசைட்டி, பெருநகர் ரோடு, எல்லாம் கைக்கெட்டுகிறாற்போல.

கடைசி ஆணியை அடித்துவிட்டு மோகன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேதகிரிக்கு போன் பண்ணேன்."

"இன்னா சொன்னீங்க?"

"வர வேணாம்னேன்." சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டான். "இன்னாத்துக்குன்னு கேட்டான். நல்லாகீதுன்னேன்."

"எது?"

"வூடுதான்."

அவள் ஏரியைப் பார்த்தாள். கீழே தொழுவத்தில் கன்று கத்தியது. பால் சொசைட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எறங்கலாமா?" என்றான் மோகன்.

"இருங்க" என்றாள் கல்பனா. "இப்பதான ஏறினேன்."